வடை சுட்ட பாட்டியின் கணக்கு

காக்கா வடை திருடிய கதை தெரியாத தமிழ்க் குழந்தை இல்லை. மரத்தடியில் ஒரு பாட்டி வடை சுடுகிறாள், காக்கா ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறது, நரி வந்து பாடச் சொல்கிறது. ஈசாப்பின் கதையில் காக்கையும் நரியும்தான் உண்டு. காக்கையின் வாயில் இருப்பது பாலாடைக்கட்டி. அது யாருடையது என்ற பேச்சே அங்கில்லை. அந்தக் கதை நம் ஊருக்கு வந்தபோது நாம்தான் ஒரு அடுப்பையும் ஒரு கடையையும் ஒரு கிழவியையும் சேர்த்துக்கொண்டோம். தின்பண்டம் என்றால் அதைச் சுட்டு விற்கும் ஒரு பெண் இருந்தாக வேண்டும் என்று கதை சொன்னவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் சேர்த்த கையோடு அவளை மறந்தும் விட்டோம். கதையின் நீதி காக்காவுக்கு ஒன்று, நரிக்கு ஒன்று. போன வடையின் விலையை யார் கொடுத்தார்கள் என்று எந்த வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை.

நான் அந்தக் கணக்கிலிருந்து தொடங்க விரும்புகிறேன். வீட்டில் செய்த பண்டத்தைத் தெருவிலும் சந்தையிலும் வைத்து விற்ற பெண்களைப் பற்றி நம் இலக்கியத்திலும் புராணத்திலும் சட்டத்திலும் சிதறிக் கிடப்பவற்றை, காஞ்சிபுரத்துக்கு மேற்கே நெடுஞ்சாலையை ஒட்டிய தாமலில் உட்கார்ந்து சேர்த்துப் பார்க்கிறேன். எங்கள் ஊர் வெளியாருக்குத் தெரிவது பெரிய ஏரியாலும், வராகீசுவரர் கோயிலாலும், தாமோதரப் பெருமாளாலும். தறிச் சத்தம் கேட்கும் வட்டாரம் இது. இங்கே ஒரு பெண் நாள் முழுக்கத் தார் சுற்றினாலும் கூலி தறிக்காரர் பெயரில்தான் எழுதப்படும். பண்டம் விற்ற காசுதான் நேரே அவள் முந்தானையில் முடிச்சாகும். அதனாலேயே இந்த விஷயத்தைச் சின்னது என்று தள்ள என்னால் முடியவில்லை.

முதலில் பழைய பாட்டு. தொண்டைமான் இளந்திரையன் காஞ்சியில் இருந்து ஆண்டதைப் பாடுவது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் ஓர் ஆயர் மகளைக் காட்டுகிறார். விடியலில் தயிர் கடைந்து, தலையில் சும்மாடு வைத்துப் பானையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். மோரை விற்றுத் தானியம் வாங்கி வீட்டாருக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு மட்டும் அவள் கணக்கு வேறு. பொன் கொடுத்தால் வாங்க மாட்டாள். எருமையாகவும் பசுவாகவும் கன்றாகவும் கேட்டு வாங்குவாள். உரையாசிரியர்கள் இதை ஆயர் வாழ்வின் வளம் என்று சொல்லிக் கடந்துபோவார்கள். எனக்கு இது ஒரு வியாபாரியின் முடிவாகத் தெரிகிறது. மோர் அன்றாடச் செலவுக்கு, நெய் முதலீட்டுக்கு. பொன்னைப் பெட்டியில் பூட்டலாம், கறக்க முடியாது. இந்தப் பெண் கிழவி அல்ல, இளம்பெண். புலவர் அவள் தோளழகையும் சொல்லிவிட்டுத்தான் பேரத்தைச் சொல்கிறார். இளம்பெண் தனியாகத் தெருவில் விற்பதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

அதே பாட்டில், திருவெஃகாவைச் சொல்லுமிடத்தை ஒட்டி, பாகில் வேகும் அப்பம் வருகிறது. மர நிழலுக்கிடையே தண்ணீரில் விழும் வெயில் வட்டங்களுக்கு அது உவமை. சுடுபவர்கள் கூவியர். மதுரைக்காஞ்சியிலும் கூவியர் உண்டு. அடையும் மோதகமும் விற்றுவிட்டு நள்ளிரவில் கடையிலேயே உட்கார்ந்தபடி தூங்கிப் போகிறவர்கள். சிலப்பதிகாரத்துப் புகாரிலும் உண்டு. அங்கே பக்கத்திலேயே காழியர். பிட்டு விற்பவர் என்று உரை சொல்கிறது. காழியர், கூவியர் என்ற சொற்களில் ஆணா பெண்ணா என்பது தெரியாது. அதே வரிசையில் கள் விற்பவளை மட்டும் ‘ஆட்டியர்’ என்று பெண்பாலில் சொல்கிறார் இளங்கோ. பிறகு வந்த உரைகள் கூவியரையும் காழியரையும் ‘வாணிகர்’ ஆக்கின. வாணிகர் என்றதும் நம் மனசில் மீசை முளைத்துவிடுகிறது. பொதுப்பால் சொல்லுக்குள் பெண்கள் காணாமல் போவது இப்படித்தான். ஆதாரத்தை யாரும் அழிக்க வேண்டியதில்லை. சொல்லை வாசிக்கும் பழக்கமே போதும்.

பெயரோடு நிற்கும் ஒருத்தி இருக்கிறாள். வந்தி. மதுரைக்காரி, வயதானவள், உற்றார் இல்லாதவள், பிட்டு விற்றுப் பிழைப்பவள். திருவிளையாடலில் பிட்டுக்கு மண் சுமந்த படலம் அவள் வீட்டு வாசலில்தான் நடக்கிறது. மாணிக்கவாசகரே திருவாசகத்தில் இந்தக் கதையைக் குறிப்பிடுவதால், பரஞ்சோதி முனிவர் விரித்துப் பாடுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அது வழங்கியிருக்கிறது. மதுரையில் இன்றும் ஆவணி மூலத்தின்போது பிட்டுத் திருவிழா நடக்கிறது. புட்டுத்தோப்பு என்று இடமே இருக்கிறது.

கதை நமக்குத் தெரியும். வைகையில் வெள்ளம். அரிமர்த்தன பாண்டியன் வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து கொடுக்கிறான். வந்திக்கும் ஒரு பங்கு வருகிறது. மண் சுமக்க அவள் வீட்டில் ஆளில்லை. சொக்கநாதர் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி, தின்றுவிட்டுத் தூங்கி, அரசனிடம் பிரம்படி வாங்குகிறார். அந்த அடி எல்லார் முதுகிலும் விழுகிறது. பக்தியோடு கேட்பவர்கள் அந்த அடியில் உருகுவார்கள். எனக்கோ அதற்கு முன்னால் வரும் அந்த அளவுகோலில்தான் கண் நிற்கிறது. வரி என்று வரும்போது வந்தி ஒரு குடும்பம். அடுப்பு தனி, வீடு தனி, ஆகவே பங்கும் தனி. அந்தப் பங்கைச் செய்வதற்கு மட்டும் ஒவ்வொரு குடும்பத்திலும் திடமான ஓர் ஆண் இருப்பான் என்று எழுதாமலே எழுதியிருக்கிறது. வந்திக்கு ஆணில்லை. பிட்டுப் பானைதான் இருக்கிறது. கணவன், மகன் என்ற பெயரில் மற்ற வீடுகளுக்குச் சும்மா கிடைத்த உழைப்பை இவள் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

கூலிப் பேச்சும் கவனிக்கத்தக்கது. உதிராத பிட்டு விற்பனைக்கு, உதிர்ந்தது கூலிக்கு. பண்டம் விற்கும் எந்த வீட்டிலும் இந்த ஏற்பாடு உண்டு. உடைந்த முறுக்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஓரம் கருகிய ஆப்பம் சுட்டவளுக்கு. அன்றைக்கு எவ்வளவு சுட்டாலும் பிட்டெல்லாம் உதிர்ந்தே போயிற்று என்று மதுரையில் கதை சொல்பவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். முழுநாள் முதல் போயிற்றே என்று யாராவது ஒரு பெண் அந்தக் கூட்டத்தில் நினைத்திருப்பாள்.

முடிவில் வந்தி விமானம் ஏறிச் சிவலோகம் போகிறாள். கடை மூடப்படுகிறது. வீட்டுக்கு ஒரு பங்கு என்ற விதி அப்படியே இருக்கிறது. அடுத்த வெள்ளத்துக்கு அடுத்த வந்தி என்ன செய்திருப்பாள்?

காஞ்சிக்கு வேறொரு கதை உண்டு. மணிமேகலை அமுதசுரபியோடு காஞ்சி வருகிறாள். வறட்சியில் வாடிய ஊருக்குச் சோறு போடுகிறாள். அந்தப் பாத்திரத்தில் புகாரில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை, கற்புக்குப் பெயர் பெற்றவள். பெண் கொடுத்தால் அன்னபூரணி. விற்றால்? சோறு விற்பது பாவம் என்று சொல்லியே வளர்ந்தோம். அந்தப் பாவம் ஓட்டல் முதலாளியை ஒட்டவில்லை. வரதராசப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு வேகவைக்கும் இட்லிதான் உலகத்துக்குக் காஞ்சிபுரம் இட்லி. அந்த மடைப்பள்ளியில் அடுப்பு ஆண்கள் கையில். வீட்டில் மாவாட்டுவது பெண்ணின் கடமை, கோயிலில் அது ஆணின் உரிமை, ஓட்டலில் ஆணின் தொழில். தெருவில் பெண் செய்தால் மட்டும் ‘ஏதோ வயித்துப்பாட்டுக்கு’.

ஏன் எல்லாக் கதையிலும் விற்பவள் கிழவியாகவே இருக்கிறாள் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறதென்று நினைக்கிறேன். வடை சுட்ட பாட்டி, பிட்டு விற்ற வந்தி, நிலாவில் தெரியும் பாட்டி. இளந்திரையன் காலத்து ஆயர் மகளைப் போல ஓர் இளம்பெண் பேரம் பேசுவதைப் பிற்காலக் கதைகள் தாங்கவில்லை. வயதாகி, விதவையாகி, யாருக்கும் உடைமை இல்லை என்றான பிறகுதான் கடை போட அனுமதி.

எங்கள் ஆயாவுக்கு அந்த அனுமதி முப்பத்திரண்டு வயதிலேயே கிடைத்தது. தாத்தா இறந்ததும் தெருமுனை வேப்ப மரத்தடியில் இட்லியும், சாயங்காலம் கேழ்வரகு அடையும் போட்டார். முதலுக்குத் தண்டல். ஆயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் எண்ணூற்றைம்பது கொடுப்பார்கள். நாளுக்குப் பத்து ரூபாய், நூறு நாள். மழை பெய்தாலும் பத்து ரூபாய், காய்ச்சல் வந்தாலும் பத்து ரூபாய். இட்லிக் கணக்கில் ஆயா அரிசி, உளுந்து, விறகு, தண்டல் எல்லாம் சேர்ப்பார். தண்ணீர் தூக்கிய அம்மாவையும் ஆட்டுக்கல்லில் கை வலிக்க ஆட்டிய அத்தையையும் சேர்த்ததில்லை. “அதுக்கெல்லாம் காசு போட்டா இட்லி யாருடி வாங்குவா?” என்பார். இதைவிடத் தெளிவாகப் பொருளாதாரம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மலிவான இட்லிக்குள் இரண்டு பெண்களின் விடியற்காலை மாவோடு மாவாக அரைபட்டிருந்தது. கணக்கெடுப்புக்கு வந்தவரிடம் சித்தப்பா, “அம்மா வீட்லதான் இருக்காங்க” என்றாராம். வீட்டு வேலை மட்டும் செய்பவரை நம் மக்கள்தொகைக் கணக்கு உழைக்காதவர் பட்டியலில் போடுகிறது. ஆயாவும் அதில் போயிருப்பார்.

அந்த மரத்தடியிலும் சாதி இருந்தது. ஊரில் எல்லாரும் வாங்கினார்கள் என்று ஆயா பெருமையாகச் சொல்வார். காலனியிலிருந்து ஒரு பெண் அதே இட்லியைச் சுட்டு அதே மரத்தடியில் வைத்திருந்தால் ஊர் வாங்கியிருக்காது. ‘பிராமணாள்’ பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் 1957-இல் திருவல்லிக்கேணியில் நடத்திய போராட்டம் வரலாற்றில் இருக்கிறது. பலகையே இல்லாத தெருக்கூடையின் சாதிக்கு அப்படிப் போராட்டம் நடந்ததில்லை. 2018-இல்கூட அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் கிளம்பினார்கள். ஆகவே பண்டம் விற்கும் பெண் என்று பொதுவாகப் பேசும்போது யாருடைய கை அடுப்பைத் தொட அனுமதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

தண்டல்காரரிடமிருந்து இந்தப் பெண்களை மீட்கும் வேலை சென்னையில் 1978-இல் ஒழுங்காகத் தொடங்கியது. ஜெயா அருணாசலம் கட்டிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, கூடைக்காரிகளுக்கும் இட்லிக் கடைக்காரிகளுக்கும் சிறு கடன் வாங்கிக் கொடுத்தது. பிறகு தனக்கென்று கூட்டுறவுக் கடன் சங்கமும் வைத்துக்கொண்டது. அதற்கு ஆறு ஆண்டு முன்பே அகமதாபாதில் இலா பட் ‘சேவா’வைத் தொடங்கியிருந்தார். மானேக் சௌக்கில் காய் விற்ற பெண்கள் உட்கார இடத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1959-இல் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் மொட்டைமாடியில் அப்பளம் இட்டுத் தொடங்கிய லிஜ்ஜத்தை எல்லோரும் சொல்வார்கள். வெற்றிக் கதை என்பதால். தோற்றுப்போன மொட்டைமாடிகளை யாரும் எண்ணவில்லை.

உழவர் சந்தைக்கு வருவோம். 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தது. இடைத்தரகர் இல்லை, தராசு அரசுடையது, விலைப்பலகை உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் உள்ளே கடை போட அடையாள அட்டை வேண்டும், அட்டைக்கு நிலத்தில் பயிர் செய்வதற்கான சான்று வேண்டும். பட்டா யார் பெயரில்? பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று சுயமரியாதை மாநாடு 1929 பிப்ரவரியில் தீர்மானம் போட்டது எங்கள் பக்கத்துச் செங்கல்பட்டில். தமிழ்நாட்டில் மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்த சட்டத்திருத்தம் 1989-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அறுபது ஆண்டு. சட்டம் வந்த பிறகும் அண்ணன்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுச் சீர்வரிசையோடு திரும்பிய பெண்கள் எங்கள் தெருவில் ஏராளம். நிலத்தில் களை எடுத்தவள் அவளாகவே இருந்தாலும் அட்டையில் இருப்பது அவர் படம். விளைந்ததைச் சுட்டு விற்கலாம் என்றால், அந்தச் சந்தை காய்க்கும் கனிக்குமானது.

2014-இல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்றது. வந்திக்குப் பிறகு அளவுகோல் வைத்திருப்பவர்களோடு ஒரே மேசையில் உட்கார அவளுக்கு எழுத்தில் இடம் தந்த சட்டம் அது. அது நகரங்களுக்கு. தாமல் ஊராட்சி. எங்கள் பேருந்து நிறுத்தத்தில் சாலையை அகலப்படுத்தியபோது மரத்தடிப் பெண்கள் இடத்தை விட்டார்கள். விற்றதற்குக் காகிதம் இல்லாததால் இழந்ததற்கும் காகிதம் இல்லை.

காகிதம் கிடைக்கும் ஒரு வழி இப்போது இருக்கிறது. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு நூறு ரூபாய் கட்டணம் என்று 2011-ஆம் ஆண்டு விதிகள் வகுத்திருந்தன. போன ஆண்டு எங்கள் தெருவில் அதிரசமும் கேக்கும் போடும் ஓர் அக்காவுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். தொழில் நடத்துபவர் பெயர் என்ற கட்டத்தில் அவர் கணவர் பெயரைச் சொல்லத் தொடங்கினார். அடுப்பு யாருடையது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “மாவு, பாகு, பதம் எல்லாம் நான்தான். சிலிண்டர்தான் அவர் பேர்ல இருக்கு” என்றார். அவர் பெயரையே எழுதினோம்.