மாதர் சங்கப் பால்வாடி

ஊர்ப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, தங்கள் கொடையாலும் உழைப்பாலும் நடத்தும் மழலையர் நிலையம். 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம், தமிழகத்தில் பெண்களின் கூட்டுப் பொதுப்பணிக்கு முன்னோடி. 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியம், இத்தகைய தன்னார்வ அமைப்புகளுக்கு மானியம் வழங்கியது.

பெண்களின் கூட்டுக்கொடைக்குப் பழைய வடிவம் பிடியரிசி. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, நிறைந்ததும் பொதுக் காரியத்துக்கு அளிப்பர்.

1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கி, அங்கன்வாடிகள் பெருகின. 1982 ஜூலை 1இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாகுறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2 முதல் 5 வயதுவரையுள்ள குழந்தைகளும் அதில் அடங்கினர். இன்று மாநிலமெங்கும் மழலையர் பராமரிப்புப் பணியின் பெரும்பகுதி அரசு அங்கன்வாடிகள் வழியே நடைபெறுகிறது.