மிஸ்ஸியம்மா: நகைச்சுவையும் தவிர்க்கப்பட்ட மணமும்

1955 பொங்கலையொட்டி வெளியான ‘மிஸ்ஸியம்மா’, எஸ். ராஜேஸ்வரராவின் இசைக்காகவும் கே.ஏ. தங்கவேலுவின் துப்பறியும் கோமாளித்தனத்துக்காகவுமே பெரிதும் நினைக்கப்படுகிறது. எல்.வி. பிரசாத் இயக்கிய இப்படத்தின் சிரிப்புக்கு ஊற்றுக்கண் பட்டதாரிகளின் வேலையின்மை. ஆசிரியப் பணி தம்பதியர்க்கே கிட்டும் என்பதால், இந்து இளைஞனும் மேரி (சாவித்திரி) என்னும் கிறித்தவப் பெண்ணும் மணமானவர்களாக நடிக்கின்றனர்.

கதைமூலம் வங்கத்தினுடையது. ஆயினும் இச்சூழல் சென்னைக்கு அயலானதன்று. 1837இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. பல சமயத்தவரும் அங்கு ஒருங்கே பயின்றனர். நாயகன் ஜெமினி கணேசன் அக்கல்லூரியில் பயின்று, அங்கேயே வேதியியல் துறையில் பணியாற்றி, 1947இல் ஜெமினி ஸ்டுடியோவில் சேர்ந்தவர். ஆசிரியர் வேடம் அவருக்கு இயல்பாய்ப் பொருந்தியதில் வியப்பில்லை.

படத்தின் இடர்ப்பாடு முடிவில்தான் உள்ளது. மேரி, ஜமீன்தாரின் காணாமற்போன மகள் மகாலட்சுமி எனத் தெரியவருகிறது. பிறப்பால் அவள் இந்து என்றாகிவிட, சமயங்கடந்த மணம் என்னும் வினாவே கரைந்துபோகிறது. ‘குடும்பப் படம்’ என்னும் பெயருக்குத் தரப்பட்ட விலை இதுவே என்று கருத இடமுண்டு. சமயத்தைத் துறவாமலே இந்துவும் கிறித்தவரும் மணந்துகொள்ள வழிசெய்த சிறப்புத் திருமணச் சட்டம், படம் வெளியாவதற்கு இரு வாரங்கள் முன்னர், 1955 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்திருந்தது.