தாணா: நிற்கும் இடம்

வானகரத்தில் கட்டட வேலை செய்யும் பீகார் தொழிலாளி ஒருவருக்கு இரண்டு மாதக் கூலி பாக்கி. புகார் கொடுக்கலாம் வாங்க என்றேன். "தானா நஹி, தீதி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கூலி போனாலும் போகட்டும், ஸ்டேஷன் வேண்டாம்.

அவர் பயந்த அந்தச் சொல் நமக்கும் பழையதுதான் தோழர்களே. இந்தியில் 'தானா' என்றால் போலீஸ் ஸ்டேஷன். சமஸ்கிருத 'ஸ்தான'த்திலிருந்து வந்தது; வேர் 'ஸ்தா', நிற்றல். தேவஸ்தானத்தில் இருப்பதும் இதே ஸ்தானம். யார் எதுவரை வரலாம் என்று நமக்குச் சொன்ன இரண்டு இடங்களுக்கும் ஒரே வேர்! தமிழில் இது 'தாணா' ஆனது, போலீஸ்காரர் 'தாணாக்காரர்' ஆனார். 2022-ல் வந்த 'டாணாக்காரன்' படத்தின் பெயர் இதுதான். இன்று நாம் எழுதும் 'நிலையம்' என்பதும் 'நில்' என்பதிலிருந்து பிறந்ததே.

முகலாயர் காலத்தில் தானா என்பது படை நிறுத்தும் காவல் முகாம். 1792-93-ல் கார்ன்வாலிஸ் ஜமீன்தார்களின் போலீஸ் அதிகாரத்தைப் பறித்து, தாரோகா என்ற அதிகாரியின் கீழ் வங்காளம், பீகார் முழுக்கத் தானாக்களை வைத்தார். பீகார் கிராமங்களில் சௌக்கிதார் வேலை பார்த்தவர்களில் துசாத் சமூகத்தினர் பலர். அவர்கள் வைத்துக்கொள்ளும் 'பாஸ்வான்' என்ற பெயருக்கே பாரசீகத்தில் காவலர் என்றுதான் பொருள். ஊரைக் காத்தவர்களுக்கு ஊரில் தீண்டாமை. நம்மூர் வெட்டியான், தலையாரி கதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சென்னை மாகாணம் வேறு வழியில் போனது. 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குவிதி கிராமத் தலைவரையே போலீஸ் ஆக்கியது. அந்தத் தலைவர் பெரும்பாலும் நிலம் வைத்திருந்த சாதிக்காரர். சின்னக் குற்றங்களுக்கு அவரே தண்டனை கொடுக்கலாம். மற்றவர்களைச் சாவடியில் அடைக்கலாம். 'கீழ்ச்சாதி'யார் என்றால் தொழுமரத்தில் கால்களை மாட்டி 6 மணி நேரம் வரை வைக்கலாம். இது ஊர்வழக்கம் அல்ல, அச்சிட்ட சட்டம். குற்றம் ஒன்றுதான், சாதியைப் பார்த்துத் தண்டனை. மனுவைக் குறை சொல்லும்போது கம்பெனியை மறந்துவிடுகிறோம்.

வரி வசூலுக்காக மக்களைச் சித்திரவதை செய்ததை விசாரித்த ஆணையம் 1855-ல் அறிக்கை தந்தது. வருவாய்த்துறையும் போலீசும் ஒரே கையில் இருந்ததன் கேடு அதில் வெளிப்பட்டது. 1859-ல் சென்னை போலீஸ் சட்டம் வந்து தனிப் போலீஸ் துறை உருவானது. ஆனாலும் கிராமத் தலைவரின் தொழுமர அதிகாரம் உடனே போய்விடவில்லை.

இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அதிகாரியின் கடமையை எழுதி வைத்திருக்கிறது: வாய்மொழிப் புகாரை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, எஃப்ஐஆர் பதிந்து, நகல் தர வேண்டும். வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு, அவர் எஸ்சி, எஸ்டி அல்லாதவர் என்றால், 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை. சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் கொடுத்து "போய்ட்டு வாங்க" என்றால் அது எஃப்ஐஆர் ஆகாது. ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

அந்தத் தொழிலாளியை மூன்றாம் நாள் சமாதானப்படுத்தி அழைத்துப் போனேன். மனு எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. உட்காருங்க அண்ணா என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். கடைசிவரை நின்றுகொண்டேதான் இருந்தார்.