உதவித்தொகை மனு தள்ளுபடியா? விட்டுடாதீங்க... மேல்முறையீட்டுக்கு வழி இருக்கு!

சென்னை:

சாரத்தில் இருந்து விழுந்து கால் போன கொத்தனார். சர்க்கரை நோயில் பார்வை மங்கிப்போன தையல்காரர். பிறவியிலேயே நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் சுமந்து வீட்டு வேலைக்கு போகும் தாய். இவர்களுக்கு அரசு கொடுக்கும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை பெரிய பணம் இல்லை. ஆனால் மாத்திரைக்கும் அரிசிக்கும் அதுதான் ஆதாரம்.

மனு போட்டு, மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் கவுண்டரில் இருப்பவர் "உங்களுக்கு வராதும்மா" என்று சொன்னதும், "எல்லாம் நம்ம தலையெழுத்து" என்று வீட்டுக்கு திரும்பி விடுகிறவர்கள்தான் அதிகம். வாயால் சொன்னது உத்தரவு ஆகாது. எழுத்தில் வாங்கினால், அதை எதிர்த்து மேலே போக வழி இருக்கிறது.

ரெண்டு கதவு

உதவித்தொகைக்கு இரண்டு கதவுகளை தாண்ட வேண்டும். முதல் கதவு ஆஸ்பத்திரி. ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர் சொல்வது அங்கேதான். இரண்டாவது கதவு அரசு அலுவலகம். வருமானம், குடியிருப்பு, வேறு உதவித்தொகை வாங்குகிறாரா என்று பார்த்து பணம் ஒதுக்குவது அங்கே.

எந்த கதவு சாத்தப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சதவீதம் குறைந்ததற்கு தாசில்தாரிடம் அழுது பயன் இல்லை. வருமானத்தை காட்டி தள்ளுபடி செய்ததற்கு டாக்டரிடம் போயும் பயன் இல்லை.

யாருக்கு எவ்வளவு?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19-ந் தேதி அமலுக்கு வந்தது. 1995-ம் ஆண்டு சட்டத்தில் 7 வகை ஊனங்கள்தான் இருந்தன. புதிய சட்டத்தில் 21 வகை. பார்கின்சன், தலசீமியா, ஆசிட் வீச்சால் ஏற்பட்ட பாதிப்பு எல்லாம் இதில் அடக்கம். சலுகைகளுக்கு பொதுவான கோடு 40 சதவீதம்.

தமிழ்நாட்டில் பணம் இரண்டு துறை வழியாக வருகிறது. வருவாய்த்துறை கொடுக்கும் உதவித்தொகை 2023 ஜனவரியில் ரூ.1,000-ல் இருந்து ரூ.1,500 ஆனது. மனவளர்ச்சி குன்றியோர், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர், 75 சதவீதத்துக்கு மேல் கடும் பாதிப்பு உள்ளவர்கள் போன்றோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியாக பராமரிப்பு உதவித்தொகை கொடுக்கிறது. 2023-ல் அது ரூ.2,000. ஒருவர் இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. எதற்கு தகுதி என்று பார்த்து மனு போட வேண்டும்.

மற்றவர்களுக்கு தரும் இதே மாதிரி திட்டங்களை விட மாற்றுத்திறனாளிகளுக்கு குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக தர வேண்டும் என்று சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. ஆக, இது யாரோ போடும் பிச்சை இல்லை. சட்டப்படி கேட்கிற விஷயம்.

சான்றிதழ் வாங்கும்போது...

சான்றிதழுக்கும், யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டைக்கும் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நெட் வசதி இல்லாதவர்கள் இ-சேவை மையத்திலோ, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ உதவி கேட்கலாம். 2024 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டன. சான்றிதழ் கொடுக்க டாக்டர்களுக்கு இருந்த 1 மாத கெடு 3 மாதம் ஆனது.

டாக்டரிடம் போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், காது பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போக வேண்டும். "வலிக்குது டாக்டர்" என்று சொன்னால் மட்டும் சதவீதம் ஏறாது. மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று அளந்துதான் போடுவார்கள். உட்கார்ந்து எழ முடியவில்லை, படி ஏற முடியவில்லை, சட்டை பட்டன் போட முடியவில்லை என்று முடியாத வேலைகளை ஒவ்வொன்றாக சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் நஷ்டம் மனுதாரருக்குத்தான்.

சில சான்றிதழ்கள் தற்காலிகமானவை. தேதி முடிந்தால் வந்துகொண்டிருக்கும் பணமும் நின்று போகலாம். வீட்டு காலண்டரில் அந்த தேதியை இப்போதே வட்டம் போட்டு வைப்பது நல்லது.

சதவீதம் குறைஞ்சு போச்சா?

சான்றிதழுக்கு தகுதி இல்லை என்று டாக்டர் முடிவு செய்தால், காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதை கேட்டு வாங்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லை என்றால் சட்டத்தின் 59-வது பிரிவுப்படி மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டு அதிகாரியை மாநில அரசு நியமிக்கிறது. உங்கள் மாவட்டத்துக்கு அவர் யார், எத்தனை நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உடனே கேட்டு தெரிந்துகொள்ள வேண்டும். தள்ளிப்போட்டால் கெடு முடிந்துவிடும்.

பலரும் கோட்டை விடும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு காலில் 30 சதவீதம், காதில் 15 சதவீதம் பாதிப்பு என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக பார்த்தால் இரண்டுமே 40-ஐ தொடாது. ஆனால் இரண்டு ஊனம் இருந்தால் சேர்த்து கணக்கு போட மத்திய அரசு வழிகாட்டுதலில் தனி சூத்திரம் உண்டு. 90-ல் இருந்து பெரிய எண்ணை கழித்து, அதை சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதை பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும்.

இவருக்கு 90-ல் 30 போக 60. அதை 15-ஆல் பெருக்கினால் 900. அதை 90-ஆல் வகுத்தால் 10. முப்பதும் பத்தும் 40. கோட்டை தொட்டாச்சு! காலை மட்டும் பார்த்து "போதாது" என்று அனுப்பி இருந்தால், காது டாக்டரிடமும் காட்டி, சேர்த்து கணக்கிடும்படி மனு கொடுக்க வேண்டும்.

தாலுகா ஆபீசில் தள்ளுபடியா?

வருவாய்த்துறை உதவித்தொகையை முடிவு செய்பவர் சமூக பாதுகாப்பு திட்ட தனி தாசில்தார். இங்கே மனு அடிபடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு பெயர். வங்கி கணக்கில் ஆதார் இணைக்கவில்லை. வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. முதியோர் அல்லது விதவை உதவித்தொகை ஏற்கனவே வருவதாக பதிவு. சான்றிதழ் காலாவதி.

பெயர் தவறு, கணக்கு தவறு என்றால் திருத்திவிட்டு புதிதாக மனு போடுவதே சீக்கிரம் முடியும். தகுதி இல்லை என்று தவறாக முடிவு செய்திருந்தால் மேல்முறையீடு. தாசில்தாருக்கு மேலே ஆர்.டி.ஓ. அவருக்கும் மேலே கலெக்டர். திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் ஒப்புகை சீட்டு வாங்காமல் வரக்கூடாது.

காரணமே சொல்ல மாட்டேங்கிறாங்களா? தகவல் உரிமை சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு. "என் மனு மீது எடுத்த நடவடிக்கை, விசாரணை அறிக்கை நகல் வேண்டும்" என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்கு கீழே இருப்பவர்களுக்கு அந்த 10 ரூபாயும் கிடையாது.

எப்படி எழுதுவது?

கண்ணீர் கதை பக்கம் பக்கமாக வேண்டாம். ஒரு பக்கம் போதும். "இந்த தேதியில், இந்த எண்ணில் நான் கொடுத்த மனு, இந்த காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. அந்த காரணம் தவறு. அதற்கான ஆதாரங்கள் 1, 2, 3 என இணைத்துள்ளேன். உத்தரவை ரத்து செய்து உதவித்தொகை வழங்க வேண்டுகிறேன்." இவ்வளவுதான். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்கக்கூடாது. ஜெராக்ஸ் மட்டும்.

இன்னும் மேலே...

அதிகாரிகள் யாரும் அசையவில்லை என்றால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு புகார் அனுப்பலாம். விசாரணையில் சாட்சியை அழைக்க, ஆவணத்தை கேட்க சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட துறை 3 மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கோர்ட்டுக்கு போக வேண்டி வந்தால் வக்கீல் பீசுக்கு பயப்பட தேவை இல்லை. 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு வக்கீல் இலவசம். மாவட்ட கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம். போன் எண் 15100.

புரோக்கர் உஷார்

"மூவாயிரம் கொடுங்க, சதவீதத்தை ஏத்தி வாங்கித்தர்றேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் ஆள் நிற்கலாம். ஏமாற்றி சலுகை பெற்றால் 2 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. புரோக்கர் மறைந்து விடுவார். மாட்டுவது மனுதாரர்தான்.

மனு நகல், ஒப்புகை சீட்டு, நிராகரிப்பு கடிதம், சான்றிதழ். இந்த நாலையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கவுண்டரில் "உங்களுக்கு வராது" என்று சொன்னால், கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "அதை எழுதிக் கொடுங்க சார்."