மழையைக் கணக்கிட்ட மனிதர்

மழையை வாழ்த்திப் பாடிய மரபு நம்முடையது. அது பொய்த்தபோது நேர்ந்த துயரையும் கும்மியாக, ஒப்பாரியாகப் பாடியவர்கள் நம் முன்னோர். அத்துயரின் பெரும் பெயர் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்கள் மடிந்தன. நாடு பசித்திருக்கத் தானியம் கப்பலேறியதால், பழி முழுவதையும் மழைமீது சுமத்துதல் நேர்மையன்று. எனினும், பருவமழை தவறுவதை முன்கூட்டி அறியலாகுமா என்னும் வினா அப்பஞ்சத்தாலேயே வலுப்பெற்றது.

1875இல் நிறுவப்பெற்ற இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயத்தில் பனி மிகுந்தால் பருவமழை குறையும் எனக் கருதினார். அவருக்குப் பின் வந்த எலியட் 1899இல் நன்மழை பெய்யும் என அறிவித்தார். வந்ததோ கொடிய வறட்சி.

இத்தோல்வியின் நிழலில், 1904இல் பொறுப்பேற்றவர் கில்பர்ட் வாக்கர். வானிலையியலில் பயிற்சி பெறாதவர். கேம்பிரிட்ஜின் 1889ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். உலகின் பல நிலையங்களில் பதிவான காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றோடு நைல் நதியின் வெள்ள அளவையும் திரட்டி ஒப்பிட்டார். கணிப்பொறி இல்லாத அந்நாளில் அலுவலக எழுத்தர்களே கையால் கணக்கிட்டனர். அவர்களுள் பெரும்பாலோரை இன்று நினைப்பார் இல்லை.

பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது. பின்னர் இது தலைகீழாகிறது. இதனை வாக்கர் 'தென் அலைவு' என்றார். ஆயினும் அவர் தேடி வந்தது கிட்டவில்லை. முன்பு பொருந்திய தொடர்புகள் பல பின்னாளில் நெகிழ்ந்தன. பருவமழையை உறுதியாகச் சொல்ல அவருடைய சூத்திரங்களால் இயலவில்லை. 1924இல் தாயகம் திரும்பிய அவர் 1958இல் மறைந்தார். 1969இல்தான் பியெர்க்னெஸ் என்னும் அறிஞர், தென் அலைவையும் பெரு நாட்டுக் கடலை வெப்பமாக்கும் எல் நினோவையும் இணைத்து விளக்கி, அக்காற்றோட்டத்துக்கு வாக்கரின் பெயரையே சூட்டினார். இன்று பருவமழையை முன்னறிவிப்போர் எவரும் எல் நினோவை நோக்காதிருப்பதில்லை.

வாக்கரை நாம் நினைக்க மற்றொரு காரணமும் உண்டு. 1913 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அங்கிருந்த எளிய எழுத்தர் ஒருவரின் கணிதக் குறிப்புகள் அவரிடம் காட்டப்பட்டன. அவ்வெழுத்தருக்கு உதவித்தொகை வழங்குமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் உடனே கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் கிடைத்தது. அவ்வெழுத்தரே சீனிவாச இராமானுசன்.

அடுத்த பருவத்தின் மழையைச் சொல்ல முடியாதவர், ஓர் ஏட்டுக்குள் திரண்டிருந்த மேகத்தைக் கண்டுகொண்டார். அப்பார்வைக்காகவும் அவருக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.