இலங்கையின் பெயர்களும் நாணயப் பெயர்களும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையில் இன்று வழங்கும் நாணயக் குற்றிகளில் நாட்டின் பெயர் மும்மொழியிலும் பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அப்பெயர் 'ஸ்ரீ லங்கா' என அமைய, தமிழில் 'இலங்கை' என்றே அமைந்துள்ளது. அதன் பெறுமதியைக் குறிக்கும் சொல்லோ மும்மொழியிலும் ஒரே மூலத்தினின்று பிறந்ததாகும். ரூபா, ருபியல், ரூபி ஆகிய மூன்றும் ஒரு சொல்லின் மூன்று வடிவங்களே. நாட்டின் பெயர் பற்றி நம்மவரிடையே நெடுங்காலமாக வாதங்கள் நிகழ்ந்து வந்துள்ளன. நாணயத்தின் பெயர் பற்றி அத்தகைய வாதம் எழுந்ததில்லை. இவ்வேறுபாடு யாது காரணத்தால் ஏற்பட்டது என்பதும், பெயர்களின் தோற்றத்தைக் கொண்டு உரிமையை நிறுவ முயல்வது வரலாற்று நெறிக்கு ஏற்புடையதாகுமா என்பதும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

பிறநாட்டார் வழங்கிய பெயர்கள்

இத்தீவிற்குப் பிறநாட்டார் வழங்கிய பெயர்களுள் மிகப் பழையது 'தப்ரபேன்' என்பதாகும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் படையெடுப்பை அடுத்து எழுதிய கிரேக்கர் இப்பெயரை அறிந்திருந்தனர். இது 'தம்பபண்ணி' என்னும் பாளி வடிவத்தின் திரிபாகும். அசோகனது பாறைச் சாசனங்களிலும் சோழர், பாண்டியர் முதலியோரை அடுத்துத் தம்பபண்ணி குறிப்பிடப்படுகின்றது. விசயனின் தோழர்கள் கரையிறங்கித் தரையில் கையூன்றியபோது அவர்தம் கைகள் செம்மண்ணாற் செந்நிறமுற்றன என்றும், அதனால் அவ்விடம் இப்பெயர் பெற்றது என்றும் மகாவம்சம் விளக்கந் தரும். ஆயின் பாண்டிநாட்டுப் பொருநையாறும் தாமிரபரணி என்னும் பெயருடையது. பெயரொன்று நீரிணையின் இருகரையிலும் வழங்கியமை ஊன்றி நோக்கற்பாலது.

கி.பி. 1ஆம் நூற்றாண்டில் எழுந்த 'எரித்திரியக் கடற் பெரிப்புளூஸ்' என்னும் நூல், தப்ரபேன் என்பது பழைய பெயர் என்றும், தன் காலத்தில் 'பலைசிமுண்டு' என்பதே வழங்கியது என்றும் கூறும். 2ஆம் நூற்றாண்டினரான தொலமி, முன்னர் 'சிமுண்டு' எனப்பட்ட இத்தீவு தம் காலத்தில் 'சாலிகே' எனப்பட்டதென எழுதினார். 6ஆம் நூற்றாண்டினரான கொஸ்மஸ், இந்தியர் இதனைச் 'சியெலெதீப' என்பர் எனக் குறித்தார். இது 'சீஹளதீப' என்பதன் கிரேக்க ஒலிவடிவமாகும். அராபியரின் 'சரந்தீப்' என்பதும் அவ்வடிவத்தின் வழிவந்ததே. போர்த்துக்கேயரின் 'செயிலாவோ', ஒல்லாந்தரின் 'செய்லான்', ஆங்கிலேயரின் 'சிலோன்' என்பனவும் சீஹள என்னும் சொல்லையே அடியாகக் கொண்டன. ஆகவே, அந்நியர் சூட்டிய பெயர் எனக் கருதப்பட்ட 'சிலோன்', அதன் வேரளவில் இத்தீவிற்கே உரிய பழஞ்சொல்லாகும். 1972இல் அதனைக் கைவிட்டுத் தெரிந்தெடுத்த 'லங்கா' என்பதிலோ சிங்களம் என்னும் சொல் இடம்பெறவில்லை. பெயர்களின் வரலாறு அரசியல் எதிர்பார்ப்புகளுக்கு இணங்கிச் செல்வதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஈழம்

தமிழ் இலக்கியத்தில் இத்தீவின் பழம்பெயர் ஈழம் என்பதாகும். காவிரிப்பூம்பட்டினத் துறையில் வந்திறங்கிய பண்டங்களுள் ஈழத்து உணவுப்பொருளும் இருந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடும். ஈழத்துப் பூதன்தேவனாரின் பாடல்கள் அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை ஆகிய தொகைகளில் இடம்பெற்றுள்ளன. திருப்பரங்குன்றத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்று எருகாட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவனின் கொடையைக் கூறுகின்றது. இவ்வாறாக இச்சொல்லின் தொன்மை இலக்கியத்தாலும் கல்வெட்டாலும் ஒருங்கே உறுதிப்படுகின்றது.

சொல்லின் பிறப்புப் பற்றியோ கருத்து வேற்றுமை உண்டு. கால்டுவெல் முதலியோர் சீஹள என்பதே முதலெழுத்துக் கெட்டு ஈழம் ஆயிற்று என்றனர். சிறகு இறகு எனவும் சிப்பி இப்பி எனவும் வழங்குதல் தமிழியல்பாதலின் அக்கருத்தினை எளிதில் ஒதுக்குதல் இயலாது. வேறு சிலர் ஈழம் என்பதே மூலம் எனவும் அதிலிருந்தே ஏனைய வடிவங்கள் பிறந்தன எனவும் வாதிப்பர். பொன், கள் ஆகிய பொருள்களும் இச்சொல்லுக்கு உண்டு. சிங்களத்திலும் சீஹள என்பது 'ஹெள' எனவும் 'எளு' எனவும் திரிந்தது. எவ்வழி நோக்கினும் ஈழமும் எளுவும் ஒன்றற்கொன்று அந்நியமான சொற்கள் அல்ல என்பது புலனாகும். முதலில் வழங்கியது எது என்னும் வினாவுக்கு விடை எதுவாயினும், இருமொழியாளரும் ஒருவர் வாய்ச்சொல்லை மற்றவர் செவிமடுத்த காலமொன்று இருந்தது என்பதே அதனாற் பெறப்படுவதாகும்.

மேலும், பண்டைய வழக்கில் ஈழம் தீவு முழுவதையும் குறித்ததேயன்றி அதன் ஒரு பகுதியைக் குறித்ததன்று. முதலாம் இராசராசன் கைப்பற்றிய பகுதிகளுக்கு 'மும்முடிச் சோழமண்டலம்' என்று பெயரிட்டபோதும், அவனது மெய்க்கீர்த்தி இந்நாட்டை ஈழம் என்றே சுட்டியது. புலவர் மு. நல்லதம்பி தமிழாக்கிய தேசிய கீதத்திலும் ஈழம் என்னும் சொல் நாடு முழுமைக்கும் பெயராக நிற்கின்றது. 1976ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைத் தீர்மானம் 'தமிழ் ஈழம்' என அடைமொழி சேர்த்தே தன் கோரிக்கையை முன்வைத்தது. ஈழம் என்பது தனித்து நிற்கையில் முழுத்தீவையும் குறித்தமையாலேயே அத்தகைய அடைமொழி வேண்டப்பட்டது எனலாம். பின்னைய அரசியலின் பயனாக, பழைய நூல்களில் இச்சொல்லைக் காணும் இடமெல்லாம் இன்றைய பொருளை ஏற்றிப் படிக்கும் வழக்கம் இருசாராரிடத்தும் வேரூன்றியுள்ளது. இவ்வாறு படித்தல் நூல்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

இலங்கையும் ஸ்ரீயும்

லங்கா என்னும் பெயர் இராமாயணத்தாலும் தீபவம்சம், மகாவம்சம் ஆகிய பாளி நூல்களாலும் பரவியது. சிலப்பதிகாரம் கயவாகுவை இலங்கை வேந்தன் எனக் கூற, மணிமேகலை 'இலங்காதீவம்' என்னும் வடிவத்தைக் கையாளும். சிறுபாணாற்றுப்படையின் தலைவனான நல்லியக்கோடனுக்குரிய மாவிலங்கையோ தமிழகத்து ஓய்மாநாட்டு ஊராகும். தெலுங்கில் 'லங்க' என்பது ஆற்றிடைக்குறையைக் குறிக்கும் பொதுச்சொல்லாக இன்றும் கோதாவரிக் கழிமுகத்தில் வழங்குகின்றது. நீர்சூழ்ந்த நிலம் என்னும் பொதுப்பெயரே காலப்போக்கில் ஒரு தீவின் சிறப்புப் பெயரானது என்று கொள்ளுதற்கு இஃது இடந்தருகின்றது.

'ஸ்ரீ லங்கா' என்னும் தொடர் 1972இல் முதன்முதலாகப் படைக்கப்பட்டதெனப் பலர் எண்ணுவர். அனுராதபுரக் காலத்தின் இறுதியை ஒட்டி வெளிவந்த 'கஹவணு' என்னும் பொற்காசுகளில் 'ஸ்ரீ லங்காவிபு' என்னும் நாகரி வாசகம் காணப்படுகின்றது. இலங்கைக்கு இறைவன் என்பது அதன் பொருள். அங்கு ஸ்ரீ என்பது அரசனின் விருதுக்கு முன்னின்ற மங்கலச் சொல்லேயன்றி நாட்டின் பெயரில் ஒரு பகுதியன்று. 1957, 1958ஆம் ஆண்டுகளில் மோட்டார் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் புகுத்தப்பட்டதும், அதனை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் இயக்கம் எழுந்ததும் அம்மங்கலச் சொல்லைப் பிணக்கின் குறியீடாக்கின. இந்நினைவு மறையாதிருந்த நிலையிலேயே 1972 மே 22ஆம் நாள் குடியரசின் பெயரில் அது சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய முத்திரைகளில் சிங்களத்தில் 'லங்கா' எனவும், தமிழில் 'இலங்கை' எனவும், ஆங்கிலத்தில் 'சிலோன்' எனவும் இருந்தன. பின்னர் வந்தவற்றில் சிங்கள வாசகமும் ஆங்கில வாசகமும் மாறின. தமிழ் வாசகம் மாறவில்லை.

காசும் பணமும்

இனி நாணயப் பெயர்களை நோக்குவோம். இத்தீவிற் கிடைத்த மிகப் பழைய நாணயங்கள் வடஇந்தியாவிலும் வழங்கிய முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளாம். இவை வடமொழியிற் கார்ஷாபணம் எனவும் பாளியிற் கஹாபணம் எனவும் கூறப்பட்டன. கஹாபணமே பின்னர்ச் சிங்களத்திற் 'கஹவணு' ஆயிற்று. கார்ஷாபணம் என்பது கர்ஷ, பண என்னும் இரு சொற்களாலானது. தமிழில் வழங்கும் காசு, பணம் ஆகிய இரண்டும் இவ்விரு உறுப்புகளை நினைவூட்டுவன. எம்மொழி எம்மொழியிடம் கடன்பெற்றது என்பதில் அறிஞர் ஒருமுகப்பட்டாரல்லர். சங்கச் செய்யுள்களிற் காசு என்பது அணியிற் கோத்த பொன்மணியையும் குறித்தது.

ஆங்கிலத்துக் 'காஷ்' என்னும் சொல் தமிழ்க் காசிலிருந்து பிறந்தது எனப் பெருமையுடன் கூறுவாருளர். இதிற் பாதி உண்மையே உண்டு. கீழ்த்திசை நாடுகளில் வழங்கிய சிறு செப்புக்காசைக் குறித்த 'காஷ்' என்னுஞ் சொல், தமிழ்க் காசிலிருந்து போர்த்துக்கேயர் 'கைஷா' என எடுத்தாண்டதன் வழிவந்தது. கைப்பணத்தைக் குறிக்கும் 'காஷ்' என்பதோ பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. ஒலியொற்றுமை ஒன்றையே கொண்டு முடிவு செய்தல் எத்துணைப் பிழைபடும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

நாட்டின் பெயரும் நாணயத்தின் பெயரும் ஒன்றாகக் கலந்த சொல்லொன்றும் உண்டு. 10ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளில் 'ஈழக்காசு' என்னும் நாணயம் கூறப்படுகின்றது. தமிழகத்துக் கோயில்களுக்கும் ஊர்ச்சபைகளுக்கும் செலுத்த வேண்டிய தொகைகள் ஈழத்தின் பெயர் தாங்கிய காசால் அளவிடப்பட்டன. பின்னர் இராசராசன் வெளியிட்ட, நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமும் கொண்ட செப்புக்காசுகள் ஈழத்திற் பெருந்தொகையாகப் புழங்கின. அவ்வமைப்பே ஈழத்துக் கஹவணுவைத் தழுவியது என ஆய்வாளர் கருதுவர். சோழர் ஆட்சி 1070இல் முதலாம் விசயபாகுவால் முடிவுறுத்தப்பட்டது. எனினும் பராக்கிரமபாகு, லீலாவதி முதலிய பொலன்னறுவை ஆட்சியாளர் அதே அமைப்பிலேயே தம் காசுகளை அடித்தனர். ஆட்சியை அகற்றியவர் காசின் அமைப்பை அகற்றவில்லை. மக்கள் பழகிய காசே செல்லுபடியாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளும் இவ்வமைப்பினின்று தொடங்கி, நந்தியையும் 'சேது' என்னும் தமிழ் வாசகத்தையும் சேர்த்துத் தம் காசுகளை வெளியிட்டனர். அக்காசுகளில் நாட்டின் பெயருக்கு ஈடாக நின்றது இருகரையையும் இணைக்கும் சேதுவின் பெயரே.

கடல்வழி வந்த பெயர்கள்

உரோமப் பேரரசன் கிளோடியசின் காலத்தில் இங்கு வந்தடைந்த ஒருவனிடமிருந்த வெள்ளிக் காசுகள் வெவ்வேறு அரசர்தம் உருவம் பொறித்தனவாயினும் ஒரே நிறையுடையனவாயிருத்தல் கண்டு இத்தீவின் அரசன் வியந்தான் எனப் பிளினி எழுதினார். அக்கதையின் உண்மை எவ்வாறாயினும், காசின் மதிப்பு அதிற் பொறித்த பெயரிலன்றி நிறையிலுள்ளது என்னும் கருத்து அதிற் பொதிந்துள்ளது.

இதனாற்போலும் நாணயப் பெயர்களை ஏற்பதில் நம்மவர் என்றும் தயங்கவில்லை. வளைத்த வெள்ளிக் கம்பியாலான 'லாரின்', பாரசீகத்து லார் நகரின் பெயரைத் தாங்கி வந்து கண்டி இராச்சியத்திலும் புழங்கியது. ஒல்லாந்தரின் 'டொயிட்' தமிழிற் துட்டு எனவும் சிங்களத்தில் 'துட்டு' எனவும் வேரூன்றிற்று. அவர்களது 'றிக்ஸ்டொலர்' பிரித்தானியர் ஆட்சியிலும் தொடர்ந்தது. ஒரு றிக்ஸ்டொலர் 12 பணம் என்பது கணக்கு. 1825இல் ஸ்ரேலிங் பவுண் கணக்கு நாணயமாக்கப்பட்டபோது அதன் மதிப்பு ஒரு சிலினும் ஆறு பென்சும் என நிருணயிக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் சேர்சா வெளியிட்ட வெள்ளி ரூபியாவின் வழிவந்த ரூபா, 1872 முதல் 100 சதமாகப் பகுக்கப்பட்டு இந்நாட்டின் கணக்கு நாணயமாயிற்று. இந்தியா தசம முறைக்கு மாறியது 1957இலாகும். ரூபா என்பது உருப்பொறித்த வெள்ளி எனப் பொருள்படும் வடசொல்லடியாகப் பிறந்தது. சதம் என்பது நூறு எனப் பொருள்படும் வடசொல். ஆங்கிலச் 'சென்ற்' இலத்தீனச் சொல்லின் வழியது. இரண்டும் ஓர் ஆதிமொழி தந்த உடன்பிறப்புகளாம்.

சிங்கள மக்கள் இன்று பணத்தைக் குறிக்க வழங்கும் சொற்கள் இவற்றினும் சிந்தனைக்குரியன. முதல் என்னும் தமிழ்ச்சொல் சிங்களத்தில் 'முதல்' எனவே பணத்தையும் நிதியையும் குறிக்கின்றது. காசு 'காசி' ஆயிற்று. பேச்சுவழக்கிற் பணத்தைக் குறிக்கும் சல்லி இரு மொழிக்கும் பொதுவானது. இவற்றைக் கடன்சொல் என்று நாணியோரும் இல்லை. எமது சொல் என்று மீட்க முனைந்தோரும் இல்லை.

முடிவுரை

நாட்டுப் பெயரும் நாணயப் பெயரும் ஒரே பாதைகளின் வழியே வந்தவை. கடல் வாணிகம், படையெடுப்பு, சமயத் தொடர்பு, அயல்மொழியாரின் செவித்திரிபு என்பன இரண்டையும் உருவாக்கின. நாணயப் பெயரை நாள்தோறும் மக்கள் கைமாற்றினர். ஆதலின் அதன் பிறப்பை எவரும் வினவவில்லை. நாட்டுப் பெயரை அரசுகளும் இயக்கங்களும் உரிமைப் பத்திரமாகக் கொண்டன. ஆதலின் அதன் பிறப்பு வழக்காயிற்று. ஆனால் சொல்லின் வேர் எம்மொழியினது என நிறுவுதல் நிலம் எவருடையது என நிறுவுதலாகாது. ஒரு நாட்டில் வாழ்வோரின் உரிமை அவர்கள் அங்கு வாழ்வதனாற் பெறப்படுவது. அதற்குச் சொற்பிறப்பியலைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

ஒல்லாந்தர் காலத் தோம்புகளும் பழைய காணி உறுதிகளும் கோயிற் கணக்குகளும் இருமொழி நாணயச் சொற்களைப் பெருமளவில் கொண்டுள்ளன. அவை முறையாகத் தொகுக்கப்படின், அரசியல் வரலாறு பிரித்துக் காட்டும் இரு சமூகங்களின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலை இன்னும் தெளிவாக அறியலாகும். தமிழும் சிங்களமும் அறிந்த மாணவர் இத்துறையிற் கூடி உழைத்தல் வேண்டும்.