களத்தின் ஒலி: திருவக்கரையை முன்வைத்துத் தமிழ் வானொலி விவரணம் குறித்து

தமிழ் வானொலியில் உரைக்கும் இசைக்கும் நாடகத்துக்கும் நீண்ட மரபு உண்டு. சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கிய நாள்முதல் இம்மூன்றும் செழித்தே வந்தன. களத்துக்குச் சென்று, அங்குள்ளவர் குரலையும் சூழலின் ஓசையையும் பதிந்து, அவற்றைக் கொண்டே ஒரு பொருளை ஆராயும் விவரணம் மட்டும் அந்த அளவுக்கு வேர்பிடிக்கவில்லை. இதனால் சிற்றூர் வாழ்வுக்கும் உலக நடப்புக்கும் உள்ள உறவு தமிழ்க் கேட்போருக்குப் புலப்படாமலே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துத் திருவக்கரையை முன்வைத்து அதை விளக்குகிறேன்.

பிரிட்டனில் இவ்வடிவம் பதிவுக் கருவியோடு சேர்ந்தே வளர்ந்தது. 1930-களின் இறுதியில் பிபிசியின் மான்செஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஆலிவ் ஷாப்லி, பதிவுக் கருவி பொருத்திய பெரிய வண்டியோடு ஊர் ஊராகச் சென்றார். டர்ஹம் சுரங்கத் தொழிலாளர் மனைவியரின் வாழ்வையும் பிரான்சின் சுரங்க ஊர் ஒன்றிலுள்ள பெண்களின் வாழ்வையும் அவருடைய 1939-ஆம் ஆண்டு நிகழ்ச்சி அடுத்தடுத்து வைத்துக் காட்டியது. சமையலும் கூலியும் பிள்ளை வளர்ப்பும் பேசப்பட்ட அந்நிகழ்ச்சியை உலக விவகாரம் என்றே சொல்ல வேண்டும். 1958-இல் சார்லஸ் பார்க்கர், யுவன் மெக்கால், பெகி சீகர் மூவரும் ரயில் ஓட்டுநர் ஜான் ஆக்ஸனின் மரணத்தைப் பற்றிச் செய்த நிகழ்ச்சியில் இடைநின்று விளக்கும் வர்ணனையாளரே இல்லை. ரயில்வே தொழிலாளர் தம் வாயாலேயே பேசினர். பாடல்கள் அப்பேச்சுகளைக் கோத்தன.

இந்தியாவுக்கு இத்திறன் அந்நியமன்று. கிர் காட்டுச் சிங்கங்கள் குறித்து அகில இந்திய வானொலியின் மெல்வில் டி மெல்லோ தயாரித்த விவரணம் 1964-இல் இத்தாலியா பரிசு பெற்றது. ஆனால் தமிழ் நிலையங்களில் வழக்கமானது உரைச்சித்திரம். எழுத்துப்படி முதலில் தயாராகும். அதற்கு ஒப்புதல் கிடைக்கும். பின்பு கலையகத்தில் தேர்ந்த குரல்கள் அதை வாசிக்கும். கல்லுடைக்கும் தொழிலாளியின் துயரம் பெரும்பாலும் அறிவிப்பாளரின் செம்மையான தமிழில்தான் நமக்கு வந்து சேர்ந்தது. கருவியின் எடையும் செலவும் காரணங்கள்தாம். அரசு நிலையத்துக்கே உரிய எச்சரிக்கை அவற்றினும் பெரிய காரணம்.

இந்த எச்சரிக்கை தளர்ந்தபோது விளைந்தது என்ன என்பதற்குத் தஞ்சை சாட்சி. 1960-களில் ஏ.டி.டி.27 நெல்லைத் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் பரப்பியபோது, உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டுவிட்டார்கள். தன் தொழிலைப் பற்றித் தனக்குப் புரியும்படி பேசும் வானொலியைச் சிற்றூர் உடனே சொந்தமாக்கிக்கொள்ளும்.

உலகச் செய்தியோ வேறு வழியாக வந்தது. 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம். ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலால் தமிழில் இத்துறைக்கு இலக்கணம் வகுத்தவரும் அவரே. இரவு 9.15 மணிக்குச் சிற்றலையைத் திருகிய தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. திரையிசை வரலாற்றைச் சொன்ன ‘பாட்டொன்று கேட்டேன்’ போன்ற நெடுந்தொடர்களும் அதில் வந்தன. 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு அந்த வானொலிச் சேவை நின்றது. பெய்ஜிங்கிலிருந்து 1963 முதல் ஒலித்த சீன வானொலித் தமிழ்ப் பிரிவுக்கு விழுப்புரம் வட்டாரத்தில் நேயர் மன்றங்களே இருந்தன. கடிதங்கள் மூட்டை மூட்டையாகப் போயின. உலகத்தை இவ்வட்டாரம் அவ்வளவு ஆர்வமாகக் கேட்டது. உலகம் இவ்வட்டாரத்தைக் கேட்க வழி அமையவில்லை.

கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? சங்கராபரணி ஆற்றங்கரைத் திருவக்கரையை வெளியூரார் இரண்டு காரணங்களுக்காக அறிவர். ஒன்று, ஞானசம்பந்தர் பாடிய சந்திரமௌலீஸ்வரர் கோயிலும் அதிலுள்ள வக்கிரகாளி சன்னதியும். பௌர்ணமிதோறும் அங்கே கூட்டம் நெரியும். மற்றொன்று கல்மரப் பூங்கா. 1781-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனரா எழுதிவைத்த இக்கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையானவை. 247 ஏக்கர் பரப்பில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் கிடக்கின்றன. பட்டையின் வரியும் வளைய வரியும் கண்ணுக்குத் தெரியும். விரல் மடக்கித் தட்டினால் கல்லின் ஓசைதான் எழும். வேரும் கிளையும் காணோம். எனவே இவை வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, மணலில் புதைந்தவை என்பர் புவியியலாளர். நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் புகுந்து அதைக் கல்லாக்கியது. இவை வக்கிராசுரனின் எலும்புகள் என்று சொல்வாரும் உண்டு. நல்ல விவரணம் இவ்விரண்டையும் ஒன்றையொன்று மறுக்கவிடாமல் அருகருகே ஒலிக்கவிடும்.

அதே ஊரின் மூன்றாவது முகம் கல் குவாரிகளும் கிரஷர்களும். ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. உலகம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் பயன்படுத்துவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2022-இல் மதிப்பிட்டது. ஆற்று மணல் அருகிப்போனதால் பாறையை அரைத்து மணலாக்கும் தொழில் பெருகியது. உலகளாவிய மணல் தட்டுப்பாடு திருவக்கரைப் பாறைமேட்டில் வெடிச்சத்தமாகக் கேட்கிறது என்றால் அது மிகையில்லை. மரத்தைக் கல்லாக்கிய அதே சிலிக்கா, பொடியாகி மூச்சில் நுழையும்போது கல்லுடைப்போர் நுரையீரலைத் தழும்பாக்கிச் சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. கோயில் மணி, கிரஷர் இரைச்சல், தொழிலாளியின் இருமல் இம்மூன்றையும் ஒரே அரைமணி நேரத்தில் கேட்டவர், புவி வரலாற்றையும் கட்டுமானச் சந்தையையும் உடல்நலத்தையும் தனித்தனிப் பாடமாக எண்ண மாட்டார்.

காணொளி யுகத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். முகம் காட்டத் துணியாதவரும் குரல் கொடுப்பர் என்பதே என் முதன்மையான விடை. இவ்வட்டாரச் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் வேலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட இருளர் குடும்பங்களின் கதை திண்டிவனத்தில் இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் பல்லாண்டுப் போராட்டத்தால் வெளிவந்தது. முதலாளியின் ஆள் பக்கத்தில் நிற்கும்போது கேமரா முன் அவர்கள் என்ன பேச முடியும்? சிற்றூரில் குரலையும் அடையாளம் கண்டுவிடுவர் என்பது உண்மைதான். ஆகவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தொகுப்பாளரின் பொறுப்பு இங்கே கலைநுட்பத்தைத் தாண்டி அறமாகிறது.

தடை எங்கே? அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி பிறந்தது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் கிடைத்தது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் ‘புதுவை வாணி’ ஒலிக்கிறது. ஆயினும் சமுதாய வானொலியும் தனியார் பண்பலையும் சொந்தமாகச் செய்தியும் நடப்பு விவகாரமும் தயாரித்து ஒலிபரப்ப அனுமதியில்லை. சமுதாய நிலையத்தின் கதிர்வீச்சுத் திறன் 100 வாட். சில கல் தொலைவிலேயே அது மங்கிவிடும். செய்தித்தாளும் தொலைக்காட்சியும் பேசுவதை வானொலி பேசக் கூடாது என்பதற்கு ஏற்கத்தக்க நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தடை நீங்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. உடல்நலம், தொழில், பண்பாடு, சுற்றுச்சூழல் பற்றிப் பேச இன்றைக்கும் இடமுண்டு. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்று விதியே சொல்கிறது. 1967 முதல் இயங்கும் புதுச்சேரி வானொலி நிலையம் வாரம் அரைமணி நேரம் ஒதுக்கினால், வானூர், திண்டிவனம் பகுதிக் கல்லூரி மாணவர்களைக் கைப்பேசியோடு களத்துக்கு அனுப்பலாம். பேச்சைத் திருத்தாமல், வட்டார வழக்கிலேயே ஒலிபரப்ப வேண்டும். வெட்டித் தொகுப்பதற்கு முந்தைய முழுப்பதிவும் பேசியவரின் ஒப்புதலோடு பல்கலைக்கழக நூலகத்தில் சேமிக்கப்பட வேண்டும்; பேசியவர் கேட்டால் ஒரு படி அவருக்கும் தரப்பட வேண்டும்.